போகுமுன் திரும்பி வந்தவள்

நான் கப்பல் வேலைக்குப் போய்ச் சுகமாய்த் திரும்பி வந்துவிட்டேன் என்ற செய்தி எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிய வந்தது. அதுவரை நான் எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. காரைக்கால் பக்கம் தூரத்தில் நிற்கும் சரக்குக் கப்பலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எங்கள் லுத்தரன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது ஏதாவது நடந்தால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, எந்த நன்மைக்காக என்று மேலே எழுதி, ஆராதனை தொடங்கும் முன் கொடுத்துவிட வேண்டும். ஐயர் அதை எல்லோருக்கும் கேட்க வாசித்து ஜெபம் பண்ணுவார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள், குழம்பட்டும். யார் கொடுத்தது என்று பெயர் வாசிப்பதில்லை. ‘ஒரு குடும்பத்தார்’, ‘ஒரு சகோதரி’ என்பதோடு சரி. அதனால் எதுவும் மறைந்துவிடப் போவதில்லை. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மகன் பாஸானான் என்பதெல்லாம் கவர் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும்.

அன்றைக்கு ஐயர் வழக்கம்போல வாசித்துக்கொண்டே வந்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக ஒரு சகோதரர். பேரப்பிள்ளை பிறந்ததற்காக ஒரு குடும்பத்தார். பிறகு, ‘கப்பல் வேலைக்குச் சென்று, சுகமாய்த் திரும்பி வந்த மகளுக்காக ஒரு குடும்பத்தார் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை’ என்று வாசித்துவிட்டு, ஒரு விநாடி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவரை மறுபடி பார்த்தார்.

பெண்கள் பக்கம் அத்தனை முகங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தன. எங்கள் ஊரில் கப்பல் வேலைக்கு விண்ணப்பம் போட்ட மகள் நான் ஒருத்திதான். எனக்குப் பின்னால் இருந்த அத்தை ஒருவர் குனிந்து, நான் எப்போது போனேன், எப்போது வந்தேன் என்று காதோரம் கேட்டார். போன வாரம்கூட என்னைப் பேருந்தில் பார்த்தவர் அவர். நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தலை குனிந்து, உலகத்திலேயே பெரிய பக்திமான் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தால் என் கண்ணைப் பார்க்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். நான் தஞ்சாவூரில் ஒரு ஓட்டலின் பேக்கரியில் வேலை பார்த்தேன். கேட்டரிங் படித்தவள். ரொட்டி, பன், கேக் எல்லாம் என் கை வேலை. அந்த ஓட்டலின் செஃப் முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். பயணிகள் சுற்றுலா போகிற பெரிய கப்பல்கள். அவர் சொல்லித்தான் விண்ணப்பம் போட்டேன். வீடியோவில் நேர்காணல் நடந்தது. பேக்கரி உதவியாளர் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், மாத முடிவுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. ஒப்பந்தம் எட்டு மாதம். நடுவில் வீட்டுக்கு வர முடியாது.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். இன்னும் முடிவு எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்ப் பேனா தேடினார். வயலுக்கு உரம் வாங்கக் கணக்கு எழுதப் போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நான் போய்த் திரும்பியும் வந்தாயிற்று.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நான் மறைப்பதில்லை, ஊரும் மறந்ததில்லை. கோயில் வாசலில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றார். இன்னொருவர் கப்பலில் தலை சுற்றினால் எலுமிச்சம்பழம் முகரச் சொன்னார். தன் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றார் ஒரு அக்கா. நான் இன்னும் போகிறேன் என்றே சொல்லவில்லை என்று சொன்னால், அதான் போயிட்டு வந்தாச்சே என்று சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஐயர் மட்டும், “என்னம்மா, பிரயாணம் சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று வேறு பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தேன். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதையாக இருக்கிறதே, இப்போது நான் போகமாட்டேன் என்று சொன்னால் சாமியிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பீர்களா, ஊர் முன்னால் என்னை இப்படி மாட்டிவிடலாமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“போகலேன்னா போகாத பாப்பா. வீட்டோட இருந்ததுக்கு இன்னொரு கவர் போட்டுட்டாப் போச்சு.”

இதற்கு மேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

முன்கூட்டி நன்றி சொல்வது அப்பாவுக்குப் புதிதில்லை. மோட்டார் பழுதாகிக் கிடக்கும்போதே, அது ஓடியதற்காகக் காணிக்கை போடுவார். வாத்து மேய்க்கிறவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், எங்கள் நாற்றங்காலில் வாத்து இறங்காததற்காகக் காணிக்கை போடுவார். ஒரு வருடம் மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்த அதே வாரத்தில், வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததற்காக ஸ்தோத்திரம் வாசிக்க வைத்தார். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஊர் ஊராகப் பாய்ந்து, கடைசியில் மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அந்த வருடம் வாய்க்கால் வெகுநாள் காய்ந்து கிடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எங்கள் வயலில் கால் நனைக்க வரலாமா என்று அப்பாவைக் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, வழியில் இருக்கிறது என்றார். வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், தாமதமாக வந்தது.

இது என்ன பழக்கம் என்று சின்ன வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “கெடச்சப்புறம் சொல்றது ரசீது பாப்பா. முன்னாடியே சொல்றதுதான் நன்றி” என்றார். நான் அதை அவருடைய கிறுக்குகளில் ஒன்றாக வைத்துக்கொண்டேன்.

போக எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. ஒரே அடுப்பில், ஒரே பத்துப் பதினைந்து வகையைச் சுட்டுச் சுட்டு எனக்குக் கை துறுதுறுத்தது. கப்பலில் ஒரு பொழுதுக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்கு ரொட்டி போடுவார்கள் என்று செஃப் சொன்னபோது எனக்குத் தூக்கம் போயிற்று. என் அப்பாவின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அப்பா சொந்த நிலத்தில் நடுகிறவர். நான் நடுக்கடலில் ரொட்டி சுடுகிறவள் என்று நினைத்துப் பார்க்கவே பெருமையாக இருந்தது. ஆனால் வீட்டை நினைத்தால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

தடுத்தது இரண்டு விஷயம். முதலாவது அப்பாவின் பாதம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. உள்ளங்கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சேற்றில் நத்தை ஓடு கிழித்தாலும், முள் ஏறினாலும் அவருக்குத் தெரியாது. முந்தைய வருடம் இடது காலில் அப்படி ஒரு கீறல் தெரியாமலே புண்ணாகி, சீழ் வைத்து, கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாது என்றும் சொன்னார். நடவு வயலில் செருப்போடு இறங்குவதைப் பற்றி அந்த டாக்டருக்கு என்ன தெரியும் என்று அப்பா சிரித்துவிட்டு மறுபடி இறங்கினார். அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அதனால் வாரா வாரம் நான் தஞ்சாவூரிலிருந்து வந்ததும் முதல் வேலை அதுதான். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாக மடியில் வைத்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை டார்ச் அடித்துப் பார்ப்பேன். வலது உள்ளங்காலில் ஒரு பழைய தழும்பு, பிறை மாதிரி. என் கையை அறிவதைவிட அந்தக் கால்களை நான் நன்றாக அறிவேன். எட்டு மாதம் அவற்றை யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது, அந்தத் தழும்பு வந்த கதை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா துபாய்க்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போனார். அங்கே ஒரு கம்பி காலில் குத்தியதில் வந்தது அது. சில வருடங்கள் கழித்து அவர் திரும்பி வந்த நாள் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. வாசலில் பெட்டியோடு ஓர் ஆள் நின்றார். வீட்டுக்கு வரும் பெரியவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் மரியாதையாக, “வாங்க மாமா, உக்காருங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அப்புறம் அவர் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார் என்று அம்மா பின்னால் சொல்லித்தான் தெரியும். தூரமாகப் போகிறவர்களுக்கு வீடு அப்படியே நிற்காது என்பதை நான் அந்த வயதிலேயே, வீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தவள். இப்போது நான் போனால், திரும்பி வரும்போது எதை, எப்படிப் பார்ப்பேனோ என்று பயந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நான் இல்லாதபோது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன்.

அதனால் அந்தக் கவர் என்னை எரிச்சல்படுத்தியது. எனக்கு இவ்வளவு பயம், இந்த மனிதருக்கு ஒரு கவலையும் இல்லை, ஊருக்குப் பெருமை பேசக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஓட்டலில் சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்தேன். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். அன்றைக்கு அவரோடு வேலை பார்ப்பவர் வரவில்லை என்று நானும் போனேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் புலம்பலை எல்லாம் கொட்டினேன். அப்பாவுக்கு நான் போவதுதான் பெருமை, நான் இருப்பதில் அவருக்கு ஒன்றும் இல்லை என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

“அவர் துபாயில இருந்தப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா உனக்கு?”

தெரியாது. அதுவரை அம்மா அந்த வருடங்களைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்மா சொன்னார். அப்பா போன முதல் மாதமே அம்மாவுக்குத் தாங்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லவும் முடியாமல், அந்த மாதம் ஒரு கவர் எழுதினார்: ‘கடல் கடந்து சென்று சுகமாய்த் திரும்பி வந்த கணவருக்காக ஒரு சகோதரி.’ பழைய ஐயர் அதை வாசிக்கும் முன்பு கூப்பிட்டு, இன்னும் வரவில்லையே அம்மா என்று கேட்டிருக்கிறார். வந்தாச்சுன்னே வாசிங்கய்யா என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாதா மாதம் அதே கவர். ஊரில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அப்பா உண்மையிலேயே வந்து கோயில் வாசலில் நின்றபோது அந்த ஐயர், நீ இதோடு எத்தனை தடவை திரும்பி வந்துவிட்டாய் தெரியுமா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். அன்றைக்குத்தான் அப்பாவுக்கே விஷயம் தெரியும். அதிலிருந்துதான் அப்பா எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நன்றி சொல்ல ஆரம்பித்தது. அந்தக் கிறுக்குக்கு ஊற்று அம்மா.

நான் கழுவிய கரண்டிகளை எடுத்து அடுக்கினேன்.

“உங்கப்பாவுக்குப் பயமா இருக்குன்னு சொல்லத் தெரியாது” என்றார் அம்மா. “அதனாலதான் நன்றி சொல்றாரு. நீ போறேன்னு சொன்ன அன்னைக்கு அவரு தூங்கவே இல்ல.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை. இவ்வளவு காலம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, இந்த வீட்டில் ஒருவரை எப்படி அனுப்பி வைப்பார்கள் என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று. அப்பா அப்படிப் போனதால்தான் எங்களுக்கு அந்த நிலம். அந்த நிலத்தில்தான் என் படிப்பு. அம்மா அப்படிப் பயந்துகொண்டே அனுப்பி வைத்ததால்தான் அப்பா போனார். என்னைப் பிடித்துத் தள்ளுவதற்காக அப்பா அந்தக் கவரை எழுதவில்லை. நான் போனால் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று, நான் போவதற்கு முன்பே ஊர் அறியச் சாட்சி வைத்திருக்கிறார். பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தது அவருடைய நடுக்கம்.

அன்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனேன். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். போகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும், இரண்டு பாதத்தையும் வீடியோவில் காட்ட வேண்டும். விரல் இடுக்கு எல்லாம் தெரிய வேண்டும். கீறல் இருந்தால் ஆறும் வரை வயலில் இறங்கக் கூடாது. அப்பா பேரம் பேசினார். மாதம் ஒரு தடவை போதாதா என்றார். ஊரில் நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், காலைத் தூக்கிப் போனுக்குக் காட்டுவது மரியாதையா என்றார். போகாத மகளைப் போய்வந்ததாகச் சொல்லும்போது ஊர் என்ன நினைத்தது என்று கேட்டேன். சரி என்றார். மறுநாள் சம்மதம் எழுதி அனுப்பினேன்.

பொங்கலுக்குள் வேண்டிய பயிற்சி, மருத்துவச் சோதனை, விசா எல்லாம் முடிந்தது. கப்பலில் சேருகிறவர்கள் எல்லோரும் பயிற்சியில் மிதவை உடுப்போடு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். வாய்க்கால் மதகிலிருந்து குதித்து வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை; பயிற்சி கொடுத்தவர்தான் பயந்துபோனார். எலுமிச்சம்பழம் சொன்னவர் எலுமிச்சை ஊறுகாயே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி தருகிறேன் என்ற அக்கா பெட்டியோடு அதைக் கட்டக் கயிறும் கொண்டுவந்தார். ஊர் வாய் என்று நான் திட்டியவர்கள் அத்தனை பேரும் கையில் ஏதாவது வைத்திருந்தார்கள். அந்தத் திட்டை எல்லாம் நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு நானும் ஒரு கவர் கொடுத்தேன். எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மி. ஸ்தோத்திரம் என்பது அப்பாவின் இலாகா என்றே இருந்தவள். ஐயர் கவரை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மற்ற கவர்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அதன் முறை வந்தபோது வாசித்தார்:

‘தூரதேசம் போய்த் திரும்பி வந்து, தாயும் தகப்பனும் சுகமாய் இருக்கக் கண்டதற்காக ஒரு மகள்.’

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆண்கள் பக்கம் அப்பா கண்ணை மூடித்தான் இருந்தார். ஆனால் அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம். விடியும் முன் எழுந்து மாவு பிசைந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன். அடுப்பு ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுச் சமையலறை அளவு இருந்தது. முதல் வாரம் தலை சுற்றியது. ஊறுகாய் பாட்டில்தான் காப்பாற்றியது. முதல் சம்பளம் வந்த நாளைவிட, என் கையால் போட்ட பன்னை ஒரு வெள்ளைக்கார மூதாட்டி கைக்குட்டையில் சுற்றி அறைக்கு எடுத்துப்போன நாள்தான் எனக்குப் பெரிய நாள். என்னோடு ஒரே அறையில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் இரண்டு பாதங்களை உற்றுப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதை முதலில் கண்டபோது பயந்துவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு, அவளும் எட்டிப் பார்த்து நலம் விசாரிப்பாள். அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது, கால்கள் தெரியும்.

ஆனி மாதம், குறுவை நடவு நேரம். ஒரு ஞாயிறு அப்பா கொஞ்சம் அவசரமாகக் காட்டினார். ஒரு கால். போனைப் பிடித்திருந்த அம்மாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். போன் ஆடியது. பிறகு அடுத்த கால். பார்த்தாயிற்றா, வைக்கட்டுமா என்றார். பார்த்தேன். பிறை மாதிரித் தழும்பு. முதல் காலிலும் அதே தழும்பு, இரண்டாவது காலிலும் அதே தழும்பு. ஒரே காலை இரண்டு தடவை காட்டியிருக்கிறார் மனிதர்.

நான் போட்ட சத்தத்தில் கப்பலின் அடுத்த அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கடைசியில் இடது காலைத் தூக்கினார். நடுவிரலுக்குக் கீழே ஒரு வெட்டு, ஓரம் வெளுத்து. முன்தினம் வாய்க்கால் கரையில் பட்டதாம். நான் கவலைப்படுவேன் என்று மறைத்தாராம். அன்றைக்கே அம்மா ஆட்டோ பிடித்து மயிலாடுதுறைக்குக் கூட்டிப் போனார். சீழ் பிடிக்கும் முன்பே வந்துவிட்டீர்கள், நல்ல நேரம் என்றாராம் டாக்டர். அந்த நடவுக்கு அப்பா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை வாங்கினார். நாற்காலியில் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மிராசுதாரைப் பார்க்க ஊரே வந்து போனதாக அம்மா சொன்னார். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்றைக்கு என் கவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. கொடுத்தாயிற்று, ஊர் கேட்க வாசித்தும் ஆயிற்று. இனி அது நடந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக மாவு பிசைந்தேன். அந்தப் பிடிவாதம்தான் நம்பிக்கையோ என்னவோ, எனக்குத் தெரியாது.

புரட்டாசியில் வந்தேன். சென்னையிலிருந்து இரவு வண்டி, மயிலாடுதுறையில் விடிந்தும் விடியாமலும் இறங்கினேன். இருவரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். அம்மா கொஞ்சம் இளைத்திருந்தார். அப்பா காலில் புதுச் செருப்பு, குதிகாலைச் சுற்றி வார் வைத்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்தேன். மனிதர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். பிறை. இடது பாதத்தைப் பார்த்தேன். வெட்டு ஆறி, தோல் மூடி, மெல்லிய கோடாக இருந்தது. விரல் இடுக்கு எல்லாம் சுத்தம். எட்டு மாதத்துக்குப் பிறகு என் கையில் அந்தக் கால்களின் சூடு. நல்லா இருக்கீங்களே அப்பா என்றுதான் சொல்ல வந்தது.

அப்பா என் தலைமேல் கை வைத்தார்.

“நீதான் அப்பவே நன்றி சொல்லிட்டுப் போயிட்டியே பாப்பா. அப்புறம் எங்களால நல்லா இல்லாம இருக்க முடியுமா?”